வானத்தில் ஒரு முழுத் தூக்கம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் எங்கும் இறங்காமல் போய்ச் சேர ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை இதுதான். இதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏ350 விமானங்களை ஏர்பஸ் நிறுவனத்திடம் சொல்லிச் செய்து வாங்கியது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அந்த விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350 விமானங்களில் 250 பேருக்கு மேல் ஏறுகிறார்கள். இதில் மொத்தமே 161 இருக்கைகள். பிசினஸ் கிளாஸுக்கு 67, பிரீமியம் எகானமிக்கு 94.

ஆள் குறைந்தால் எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். மனித உடம்பு இன்னொரு காரணம். 17, 18 அங்குல அகல இருக்கையில் முழங்கால் இடிக்க ஒரு பகலையும் ஓர் இரவையும் கழித்துவிட்டு, இறங்கிய கையோடு அலுவலகக் கூட்டத்தில் போய் உட்கார எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் அதிகப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

பிசினஸ் கிளாஸ் என்றதும் ஷாம்பெயின், சூடான கைத்துண்டு, பீங்கான் தட்டில் சாப்பாடு என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். விளம்பரங்களும் அவற்றையே காட்டுகின்றன. பத்து மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் அவை எல்லாம் இரண்டாம் பட்சம். அந்தப் பணத்துக்குப் பயணி வாங்குவது தூக்கம். அதைத் தருகிற இருக்கையா, பறிக்கிற இருக்கையா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு டிக்கெட் பணம் வீணாகாது.

நாற்காலி படுக்கையான கதை

1970களின் கடைசியில் பிறந்தது இந்த வகுப்பு. அலுவல் நிமித்தம் முழுக் கட்டணம் கொடுத்துப் பறந்தவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தள்ளுபடி டிக்கெட்டில் வந்த சுற்றுலாப் பயணிக்கும் தங்களுக்கும் ஒரே இருக்கை, ஒரே சாப்பாடு. அவர்களைத் திருப்திப்படுத்தத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் பான் ஆம் 1978இல் 'கிளிப்பர் கிளாஸ்' என்று தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1979இல் பிசினஸ் கிளாஸைக் கொண்டுவந்தது. அப்போதும், அதற்குப் பின் இருபது வருஷமும், அது கொஞ்சம் பெரிய சாய்வு நாற்காலிதான்.

திருப்பம் 2000இல் வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் கிளாஸில் முழுக்கத் தட்டையாக விரியும் ஆறடிப் படுக்கையை அறிமுகம் செய்தது. வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த டேஞ்சரின் நிறுவனம். ஆளுக்கு ஆறடி ஒதுக்கினால் இருக்கைகளின் எண்ணிக்கை சரிந்து வருமானம் போய்விடும் என்பதுதான் அதுவரை இருந்த தடை. மனிதனுக்குத் தோள் அகலம், கால் ஒடுக்கம். ஒருவரை முன்னோக்கியும் அடுத்தவரைப் பின்னோக்கியும் படுக்க வைத்தால் ஒருவரின் தோள் பக்கத்தில் மற்றவரின் கால் வரும், இடம் மிச்சமாகும் என்று கண்டுபிடித்தார்கள். இந்த உத்தியால் ஒரே வரிசையில் எட்டுப் படுக்கைகள் வரை அடங்கின.

வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. ஜன்னலோரத்தில் இருப்பவர் நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், நடைபாதைப் பக்கம் தூங்குபவரின் நீட்டிய கால்களை இருட்டில் தாண்டித்தான் போக வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. சாப்பாடு பரிமாறும்போது பணிப்பெண் அதை இறக்கிவிட்டு, இந்தப் பக்கத்தவரின் மேலாக அந்தப் பக்கத்தவருக்குத் தட்டை நீட்டுவார். அந்தக் கணத்தில் முன்பின் அறியாத இரண்டு பேர் நேருக்கு நேர் முகம் பார்த்தபடி இருப்பார்கள்.

போட்டி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. '180 டிகிரி' என்று விளம்பரம் செய்துவிட்டு, தரையோடு ஒப்பிட்டால் சரிவாக நிற்கும் படுக்கைகளைப் பல நிறுவனங்கள் பொருத்தின. அதில் படுத்தவர் தூக்கத்தில் மெல்ல மெல்லக் கீழே சறுக்குவார், எழுந்து மேலே ஏறிப் படுப்பார், மறுபடியும் சறுக்குவார். 2003இல் வர்ஜின் அட்லாண்டிக் இருக்கைகளைச் சாய்கோணத்தில் அடுக்கி எல்லாருக்கும் நடைபாதை கிடைக்கச் செய்தது. ஆனால் ஜன்னல் முதுகுப் பக்கம் போய்விட்டது. 2011இல் கேத்தே பசிபிக் அந்தக் கோணத்தைத் திருப்பிப் போட்டு, பயணியின் முகத்தை ஜன்னல் பக்கம் பார்க்க வைத்தது. 2017இல் கத்தார் ஏர்வேஸ் தன் 'க்யூசூட்'டில் இருக்கைக்குக் கதவே வைத்தது. நடுவில் உள்ள இரண்டு இருக்கைகளைச் சேர்த்து இரட்டைக் கட்டிலாக்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பம் தடுப்புகளை நகர்த்திவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். 2019இல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் கதவுள்ள புதிய இருக்கைக்கு மாறியது.

1-2-1 என்ற கணக்கு

இருக்கை வரைபடத்தில் 1-2-1 என்று இருந்தால், ஜன்னலோரம் ஓர் இருக்கை, நடைபாதை, நடுவில் இரண்டு, மறு நடைபாதை, மறு ஜன்னலோரம் ஒன்று என்று பொருள். யாரையும் தாண்டாமல் எவரும் எழுந்து போகலாம். 2-2-2 என்றால் ஜன்னலோரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரைத் தாண்ட வேண்டும். 2-3-2 என்றால் நடு இருக்கையும் உண்டு.

ஒரே நிறுவனத்தின் பெயரில் இந்த மூன்றும் பறக்கலாம் என்பதுதான் பயணி கவனிக்க வேண்டிய விஷயம். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் பிசினஸ் கிளாஸ் 1-2-1. அதே நிறுவனத்தின் பழைய 777 விமானங்களில் 2-3-2. அவற்றை மாற்றியமைக்கும் வேலை 2024இல் தொடங்கியது. ஏர் இந்தியாவின் பழைய 787 விமானங்களில் 2-2-2. 2024 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய அதன் ஏ350இல் கதவுள்ள 28 தனி இருக்கைகள், 1-2-1 வரிசையில். டாடா குழுமம் நிறுவனத்தை ஏற்றபின், பழைய பெரிய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் ஒதுக்குவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அந்த வேலை முடியும்வரை பயணிக்கு எது வாய்க்கும் என்பது அவர் ஏறும் விமானத்தைப் பொறுத்தது.

மாற்றம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? விமான இருக்கை வெறும் மரச்சாமான் இல்லை. புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையில் மோதினாலும் பெயர்ந்து வராமல், பயணியின் தலை எங்கும் பலமாக இடிக்காமல் இருக்கிறதா என்று பொம்மை மனிதர்களை உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள். சாய்கோணத்தில் அமைந்த இருக்கைகள் பலவற்றில் பெல்ட்டுக்குள்ளேயே காற்றுப்பை இருப்பது இதனால்தான். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். பணிக்குழுவினர் எட்டிப் பார்க்க முடிய வேண்டும் என்பதால் கதவு கூரை வரை எட்டாது.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு. பல படுக்கைகளில் கால் நீட்டுவதற்கு முன் இருக்கையின் மேசைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். ஒருக்களித்துப் படுத்துப் பழகியவருக்கு அதற்குள் கால் திருப்ப முடியாமல் தூக்கம் கலையும். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் இந்தப் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஆனால் கைக்குழந்தைக்கான தொட்டிலைப் பொருத்துவதும் அந்தச் சுவரில்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தொட்டபெட்டாவும் குன்னூரும்

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி உயரத்துக்குச் சமம். ஊட்டி நகரத்தைவிட மேலே, தொட்டபெட்டா உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று மூச்சுவிடுவது போல. உடலுக்குக் கார்பன் இழைக் கலவை பயன்படுத்திய போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் அது 6,000 அடி, அதாவது குன்னூர். அவற்றின் உடல் துருப்பிடிக்காது என்பதால் காற்றில் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வைக்க முடிகிறது.

500க்கும் மேற்பட்டவர்களை அழுத்த அறையில் உட்கார வைத்து நடத்திய ஆய்வொன்று 2007இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. 7,000, 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் சில மணி நேரம் கழிந்ததும் உடல் அசௌகரியம் கூடுவதை அது காட்டியது. ஆகவே என்ன விமானம் என்பதும் சேவைத் தரத்தில் சேர்த்தி.

நாக்கும் அங்கே மாறிவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக 2010 வாக்கில், அழுத்தம் குறைந்த அறைக்குள் வைத்த விமானக் கூட்டில் மக்களை உட்கார வைத்துச் சுவை பார்க்கச் செய்தது. உப்பும் இனிப்பும் தரையில் உணர்வதைவிடக் குறைவாகவே உறைத்தன. தரையில் யாரும் அதிகம் கேட்காத தக்காளிச் சாறு வானத்தில் ருசித்தது. வறண்ட காற்றில் மூக்கு மணம் பிடிப்பது குறைகிறது, ஓயாத எஞ்சின் இரைச்சலும் சுவையைக் குலைக்கிறது. விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தரையில் சமைத்து, குளிர்வித்து, மேலே சூடுபடுத்தித் தருவதற்கு வறுவலைவிடக் குழம்பு வகைகளே தாங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 24 மணி நேரம் முன்பே விருப்பமான உணவைச் சொல்லிவைக்கும் வசதி உண்டு.

கவனிப்பு எங்கே தெரிகிறது?

நல்ல பணிக்குழு தொல்லை செய்யாது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு இரவு விமானம் ஆறேழு மணி நேரம்தான். ஏறியதும் நான்கு சுற்றுச் சாப்பாடு, இறங்குவதற்கு ஒன்றரை மணி முன் காலை உணவு என்று ஆரம்பித்தால் தூங்க மிஞ்சுவது மூன்று மணி நேரம். இதை உணர்ந்துதான் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நியூயார்க் விமான நிலைய ஓய்வறையிலேயே இரவு உணவைத் தருகிறது. சாப்பிட்டுவிட்டு ஏறி உடனே படுத்துவிடலாம். கத்தார் ஏர்வேஸில் பயணி கேட்கும் நேரத்தில் சாப்பாடு வரும். தூங்குபவரை எழுப்பித் தட்டு வைக்கும் வழக்கம் இல்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350இல் இருக்கை தானாகப் படுக்கையாகாது. பயணி எழுந்து நிற்க வேண்டும். பணிப்பெண் ஒரு வாரைப் பிடித்து இழுத்து, முதுகுச் சாய்வை முன்பக்கமாக மடக்குவார். அதன் பின்புறம்தான் மெத்தை. விரிப்பும் தலையணையும் போட்டு ஒரு நிமிஷத்தில் தயார். அவர் உடுத்தியிருக்கும் கெபாயா சீருடையின் நிறமே பதவியைச் சொல்லிவிடும். நீலம் தொடக்கநிலை. அனுபவம் ஏற ஏறப் பச்சை, சிவப்பு, கருஞ்சிவப்பு. வேலைக்குச் சேர்ந்தவர் பறக்கும் முன் மூன்று மாதத்துக்கும் மேல் பயிற்சி பெறுகிறார். தட்டு வைக்கும் விதத்தோடு, தீயணைப்பதும் பயணிகளை விரைவாக வெளியேற்றுவதும் அதில் அடக்கம்.

செலவும் சுமையும்

கரோனாவுக்கு முன் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் சொன்ன கணக்கில், பன்னாட்டுப் பயணிகளில் உயர்வகுப்பில் பறந்தவர்கள் சுமார் 5 சதவீதம். டிக்கெட் வருமானத்தில் அவர்கள் பங்கு சுமார் 30 சதவீதம். முன் பகுதி நிறைந்தால்தான் பல நெடுந்தூரச் சேவைகள் கட்டுப்படியாகின்றன. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் இந்த டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்திருக்கிறது. எகானமிக்கு 5 சதவீதமே தொடர்கிறது.

சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. ஒருவர் அடைக்கும் இடத்தை வைத்து உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2013இல் போட்ட கணக்குப்படி, பிசினஸ் கிளாஸ் பயணியின் கார்பன் பங்கு எகானமி பயணியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நான்கு மணி நேரப் பயணத்துக்கு இந்த டிக்கெட் தேவையா என்று யோசிக்க இது போதுமான காரணம். முழங்கால் வலியோடு பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போகும் எழுபது வயதுப் பெற்றோருக்கு வாங்கித் தருவது வேறு விஷயம். அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

படுக்கை கிடைத்துவிட்டதால் உடல் தப்பித்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. இதில் எந்த வகுப்புக்கும் விலக்கில்லை. அவ்வப்போது எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் எல்லாருக்கும் பொருந்தும்.

டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சிலவே: விமானம் எந்த வகை, வரிசை 1-2-1 தானா, இருக்கைக்குப் பக்கத்தில் கழிப்பறையோ சமையல் பகுதியோ இருக்கிறதா. பணம் கட்டிய பிறகு நிறுவனம் தன் வசதிக்காகப் பயணியைக் கீழ்வகுப்புக்கு மாற்றினாலும் சட்டம் துணைக்கு இருக்கிறது. இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, பன்னாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம் வரியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். சென்னையிலிருந்து லண்டன் 8,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே அந்தப் பயணி கேட்டு வாங்க வேண்டியது 75 சதவீதம்.