முகக்கவசம்: அபராதத்திற்காகவா, அடுத்தவருக்காகவா?



2020-ஆம் ஆண்டு மே மாதத்தைக் குத்தம்பாக்கம் மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியதால், மே 5-ஆம் நாள் அந்தச் சந்தை மூடப்பட்டது. மே 11 முதல் நமக்கு அருகிலுள்ள திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை இயங்கத் தொடங்கியது. இரவெல்லாம் லாரிகள் வந்து நின்றன. வியாபாரிகளும் சுமை தூக்குவோரும் கூடினார்கள். பொது இடங்களில் முகத்தை மூடுவது கட்டாயம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 15-ஆம் நாளே அறிவித்திருந்தது.

அந்தக் கட்டாயம் உண்மையிலேயே நோயைத் தடுத்ததா, அல்லது வெறும் தொல்லைதானா? இக்கேள்வியை இன்றும் பலர் கேட்கிறார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் தேடுவது நம் கடமை.

நாம் பேசும்போதும் இருமும்போதும் நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. கொரோனா கண்டவர், காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே பிறருக்கு நோயைக் கொடுக்க முடியும். ஆகவே, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நினைப்பவரும் அறியாமலே நோயைப் பரப்பலாம். முகக்கவசம் அத்துளிகளில் ஒரு பகுதியை வாயருகிலேயே தடுக்கிறது. அணிபவரை ஓரளவு காக்கிறது. எதிரில் நிற்பவரையும் காக்கிறது. எல்லோரும் அணிய வேண்டும் என்ற விதி பிறந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் விதி வேறு, நடைமுறை வேறு. அண்டை நாடான வங்கதேசத்தில் 2020-21-இல் 600 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கே அபராதம் விதிக்கவில்லை. வீடு வீடாக இலவச முகக்கவசம் கொடுத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் அன்போடு நினைவூட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் தாங்களே அணிந்து காட்டினார்கள். சரியாக அணிந்தோர் 100-க்கு 13 பேரிலிருந்து 42 பேராக உயர்ந்தனர். அறிகுறிகளோடு கூடிய கொரோனா ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனைகளில் பயன்படும் சர்ஜிக்கல் முகக்கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயதைக் கடந்தோரிடம் 35 விழுக்காடு குறைந்தது. துணி முகக்கவசத்திற்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. டென்மார்க்கில் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வு, அணிபவருக்குத் தெளிவான பாதுகாப்பு உண்டு என்று உறுதிப்படுத்தவில்லை. நம் மாநிலத்தில் 2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே இரண்டாம் அலை வந்தது. 2021 மே 21-இல் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. வேகமாகப் பரவும் புதிய வகைக் கிருமியின் முன் முகக்கவசம் மட்டும் போதவில்லை.

அப்படியானால் முகக்கவசம் வீணா? இல்லை. அது குடையைப் போன்றது. குடை மழையை நிறுத்தாது. பிடித்திருப்பவர் நனைவதைக் குறைக்கும். காற்றோட்டம், இடைவெளி, தடுப்பூசி, காய்ச்சல் கண்டவர் வீட்டில் இருப்பது ஆகியவற்றோடு சேரும்போதுதான் அதன் பலன் முழுமையாகும். நெரிசலான சந்தையைத் திறந்த வெளிக்கு மாற்றியதும் இதே நோக்கத்தில்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். மூட்டை சுமப்பவர் மூச்சு வாங்கும்போது முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்குகிறார். ஒரே துணியை வியர்வையோடு நாள் முழுவதும் அணிகிறார். அவரிடம் அன்றாடக் கூலியில் 200 ரூபாயைப் பிடுங்குவது எளிது. காவலரைக் கண்டதும் மூக்கை மூடுவார்; அவர் போனதும் இறக்கிவிடுவார். அதற்குப் பதிலாக நல்ல முகக்கவசம் இரண்டைக் கையில் கொடுத்து, மூச்சுவிடச் சற்று ஓய்வும் கொடுத்தால் விதி உயிர் பெறும். கட்டாயப்படுத்தும் அரசுக்கு, கொடுக்கும் கடமையும் உண்டு.

இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் காசநோயும் காய்ச்சலும் நம் ஊர்களை விட்டுப் போகவில்லை. இருமலோடு பேருந்தில் ஏறும்போது, மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது, வயது முதிர்ந்தோரைச் சந்திக்கச் செல்லும்போது, மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசத்தை நாமாகவே அணிவோம். அபராதத்திற்கு அஞ்சி அல்ல, அருகில் இருப்பவர் மீதுள்ள அன்பினால் அணிவோம். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும் நாளில், இப்பழக்கம் பெற்ற ஊரில் சில உயிர்களாவது கூடுதலாகப் பிழைக்கும்.