நூலக வரி (தமிழ்நாடு)

நூலக வரி என்பது தமிழ்நாட்டில் பொது நூலகங்களின் செலவுக்காக, வீட்டு வரி அல்லது சொத்து வரியுடன் சேர்த்து உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் கூடுதல் வரி ஆகும். இதற்கு அடிப்படையான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948 இல் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே.

வரலாறு

சட்டத்திற்குப் பின்னணியாக இருந்தவர், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவார். அவர் 1930 இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டிலேயே மாதிரி நூலகச் சட்ட வரைவை முன்வைத்தார். 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் எசு. வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகத்தைத் தொடங்கியபோது அதனைத் திறந்து வைத்தவரும் அரங்கநாதனே. தனியொருவரின் கொடையால் ஓடிய அவ்வண்டி, கொடையாளரின் ஆர்வத்தையே நம்பியிருந்தது. ஆண்டுதோறும் தவறாமல் பணம் வர வேண்டுமெனில் அதற்கு வரியே வழி என்பது அரங்கநாதனின் உறுதியான கருத்து. கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் சட்டத்தை நிறைவேற்றுவதில் முன்னின்றார்.

வீதமும் பகிர்வும்

தொடக்கத்தில் வரி ரூபாய்க்கு 6 தம்பிடியாக இருந்தது. பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி என்பதால் இது ஏறத்தாழ 3 காசு. பின்னர் உயர்த்தப்பட்டு இன்று 10 காசாக உள்ளது. அதாவது, 600 ரூபாய் வீட்டு வரி செலுத்துபவர் 60 ரூபாய் நூலக வரி செலுத்துகிறார்.

பணத்தை வசூலிப்பது பேரூராட்சி, ஊராட்சி முதலியன. செலவிடுவது மாவட்ட நூலக ஆணைக்குழு. ஆகவே வசூலித்த அமைப்பு உரிய காலத்தில் அனுப்பாவிடில் நூல் வாங்குவதும் தள்ளிப்போகிறது. சென்னை நீங்கலாக, பிற ஆணைக்குழுக்களுக்கு வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் வழங்க வேண்டும். எனவே வரி குறைந்தால் அரசின் கட்டாயப் பங்கும் குறைய இடமுண்டு.

திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் போன்ற வட்டங்களில் இவ்வேற்பாட்டின் குறை தெளிவாகத் தெரியும். அங்குச் செல்வம் பெரிதும் நெல் விளையும் நஞ்சையில் உள்ளது; நூலக வரியோ நிலத்தீர்வையின் மேல் அமைவதில்லை, வீட்டின் மேலேயே அமைகிறது. பெருநிலக்காரரும் குத்தகைதாரரும் நூலகத்திற்குத் தருவது அவரவர் வீட்டின் அளவைப் பொறுத்ததே. கட்டடங்கள் நிறைந்த நகரங்களுக்குக் கிடைக்கும் வருவாய் இங்கு எதிர்பார்க்க இயலாதது.

நீதிமன்றக் கட்டணமும் சட்ட நூலகமும்

சட்ட நூலகங்களுக்கு இத்தகைய தனி வரி இல்லை. தமிழ்நாட்டில் 1955 ஆம் ஆண்டுச் சட்டப்படி பெறப்படும் நீதிமன்றக் கட்டணம் அரசுக் கணக்கில் சேர்கிறது. சிற்றூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞர் சங்க நூலகங்கள் பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவை நம்பியுள்ளன. பொதுமக்கள் அங்குச் சென்று படிப்பது அரிது. கலிபோர்னியாவிலோ 1891 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் அமைந்த மாவட்டச் சட்ட நூலகங்கள் உரிமையியல் வழக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெறுகின்றன. எவரும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் 2009 இற்குப் பின் வழக்குகள் குறைந்தபோது அவற்றின் வருவாயும் சரிந்தது.

தஞ்சைப் பகுதிக்கு இது வெறும் ஒப்பீடு அன்று. 1952 இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955 இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் இப்பகுதி உழவர்களின் வாழ்க்கையை நேரடியாகத் தொட்டன. அச்சட்டங்களின் பிரிவுகளைத் தாமே படித்தறிய விரும்பும் குத்தகைதாரருக்கு எட்டக்கூடியது, வீட்டு வரியில் நடைபெறும் கிளை நூலகமே. அங்குச் சட்ட நூல்கள் எத்தனை இருக்கும் என்பது மாவட்ட ஆணைக்குழுவின் வரவைப் பொறுத்தது.