கரையோர நலம் – 9: தோள் இறுகுவது கயிற்றாலா, சீனியாலா?

உடப்பில் தோள் நோகிறது என்று ஒருவர் சொன்னால், ஊரே கரைவலைக் கயிற்றைத்தான் காட்டும். அம்பா பாடி, ஆளுக்கு ஆள் கயிறு பிடித்து மடியைக் கரைசேர்க்கும் தொழில். தோள் தாங்குமா என்பார்கள். கற்பிட்டியில் கடற்காற்றையும் வாய்வையும் சொல்வார்கள். சென்ற வாரம் பார்த்த தசைநார்க் கிழிவில் கயிற்றுக்குப் பங்கு உண்டு. தோள் இறுகிப்போவது வேறு நோய். அதற்கும் கயிற்றையே குற்றம் சொல்வதால், உள்ளே இருக்கும் காரணம் வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது. என் கவலை அதுதான்.

தோள்மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கையை உயர்த்தும்போது விரிந்துகொடுக்க, அதன் அடிப்பக்கம் மடிப்பாய்த் தளர்ந்து கிடக்கும். அந்த உறையில் அழற்சி வந்து, நார்த்திசு தடித்து, மடிப்புச் சுருங்கினால் கை மேலே போகாது, முதுகுப்பக்கமும் போகாது. முதலில் இரவில் தூங்கவிடாத நோவு, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்ல இளக்கம். முழுதும் கடக்க ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். 1934இல் அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் இதற்கு ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்டார். குற்றவாளி அந்த உறைதான் என்பதை 1945இல் ஜூலியஸ் நெவியாசர் காட்டினார்.

பலருக்கு வெளிக்காரணம் எதுவும் தெரியாமலே இது வருகிறது. 40 முதல் 60 வயது வரையில், பெண்களுக்குச் சற்று அதிகம். பொதுவாக நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் நோய், சீனி வருத்தக்காரரிடம் பத்துப் பேருக்கு மேல் என்று ஏறுகிறது. இரத்தத்தில் நெடுங்காலம் மிஞ்சிய சீனி, உறையிலுள்ள கொலாஜன் நார்களோடு பிணைந்து அவற்றை விறைக்கச் செய்கிறது என்பது முக்கிய விளக்கம். தைராய்டுக் கோளாறும் இதனோடு சேர்ந்து வருவதுண்டு.

2005–06இல் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் அதை அறியாமலே இருந்தார்கள். நாள் முழுக்க உடம்பை முறித்து உழைப்பவருக்குச் சீனி வராது என்ற நம்பிக்கை நம் கரையில் இன்னும் பலமாக இருக்கிறது. அது பிழை. தோள் இறுகினால், எண்ணெய் தேய்ப்பதற்கு முன் சீனி பார்க்க வேண்டும்.

ஓய்வும் ஒரு காரணம். வள்ளத்தில் விழுந்து கை முறிந்தவர், பாரிசவாதம் வந்தவர், மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர் ஆகியோர் கையை அசைக்காமலே வைத்திருந்தால் உறை சுருங்கத் தொடங்கும். எப்போது, எவ்வளவு அசைக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும்.

தசைநார்க் கிழிவையும் இறுகிய தோளையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். தானாகவும் திரும்பாமல், இன்னொருவர் மெதுவாகத் திருப்பினாலும் திரும்பாவிட்டால், அது பெரும்பாலும் இறுகிய தோள். தசைநார் கிழிந்தவருக்கு அநேகமாகப் பிறர் உதவியால் கை போகும். மூட்டுத் தேய்விலும் இதேபோல் இறுகலாம் என்பதால் எக்ஸ்ரே எடுப்பார்கள். இறுகிய தோளில் படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சிகிச்சையில் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போடுவதுண்டு. அது சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், சீனிக்கு மருந்து எடுப்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.