நுண்மின்னியந்திரங்களும் படைக்கலக் காப்பும்

அல்லிநகரத்தினின்று போடிமெட்டு மலைக்குப் பேருந்தேறிச் செல்வோர், வழியிலே தம் கைப்பேசியைப் பக்கவாட்டிற் சாய்ப்பின், அதிலுள்ள படமும் உடனே திரும்பி நிற்பதைக் காண்பர். சாய்த்ததை அக்கருவிக்கு உணர்த்தியது யாது? அதனுள்ளே சிறியதொரு சிலிக்கன் துண்டு உளது. அத்துண்டினுள்ளே மயிரிழையினும் நுண்ணிய விற்களிலே ஒரு சிற்றெடை தொங்குகின்றது. கருவி சாயுந்தோறும் அவ்வெடை இம்மியளவு நகர்கின்றது. அந்நகர்ச்சி மின்குறியாக மாறுகின்றது. இவ்வினத்துக் கருவிகளை நுண்மின்னியந்திரங்கள் எனலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மெம்ஸ் என்று வழங்குவதும் உண்டு. நம் சட்டைப்பையில் விளையாட்டுப் பொருள்போற் கிடக்கும் இவ்வினமே, பீரங்கிக் குண்டிலும் ஏவுகணையிலும் அமர்ந்து பெரும்பொறுப்பைத் தாங்க வல்லது. அப்பொறுப்பு யாது என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இவற்றின் வரலாறு நெடியதன்று. சிலிக்கன் என்பது மணலிலே மிகுதியாய்க் கலந்திருக்கும் தனிமம். அதனை அழுத்தினும் இழுப்பினும் அதன் மின்தடை பெரிதும் மாறும் என்பதை, 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். 1959இல் ரிச்சர்ட் பெயின்மன் என்னும் பௌதிக அறிஞர், மிகச் சிறிய இயந்திரங்களை ஆக்கும் வழியை நாடுமாறு ஒரு சொற்பொழிவில் அறிஞருலகை அழைத்தார். சிலிக்கன் மின்கருவிகட்கு மட்டுமன்றி இயந்திர உறுப்புக்களுக்கும் ஏற்ற பொருளென்பதை 1982இல் கர்ட் பீட்டர்சன் விரிவாக எடுத்துக்காட்டினார். ஒளியாற் கோலம் பதித்து, வேண்டாத பகுதியை அரித்தெடுக்கும் முறையால், ஒரே தகட்டில் எண்ணிறந்த கருவிகளை ஒருங்கே செதுக்கலாயிற்று. 1990களில், மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கச் செய்யும் கருவியாக இவை மோட்டார் வண்டிகளில் இடம்பெற்றன.

இத்துணைச் சிறிய பொருள் பீரங்கியின் உதைப்பைத் தாங்குமோ என்று சிலர் ஐயுறலாம். 1999இல் கார்கிற் போரில் முழங்கிய போபர்ஸ் பீரங்கியின் வாய் 155 மில்லிமீட்டர். குழலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அக்குழலுக்குள்ளேயே குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைப் பெற்று வெளியேறும். இதற்காகும் காலம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கினும் குறைவே. அந்நேரத்தில் குண்டின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றும் தன் எடையைப்போற் பல்லாயிரமடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். ஆயினும் சிறிதாயிருத்தலே நுண்கருவிக்கு வலிமை. ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பின், அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். அதைத் தாங்கும் காலின் குறுக்குப்பரப்போ நூறில் ஒன்றாகவே குறையும். ஆகவே, தன் எடையோடு ஒப்புநோக்கின், அப்பொருள் பதின்மடங்கு உறுதி பெற்றதாகும். எறும்பு தன்னினும் பன்மடங்கு பாரத்தை இழுத்துச் செல்வதும் இவ்விதி பற்றியேயன்றோ?

நிற்க. படைத்துறையில் இக்கருவிகளின் தொழில் மூவகைத்து: உணர்தல், இயக்கல், காத்தல். உணரும் கருவிகளுள் முடுக்கமானி வேகமாறுதலை அளக்கின்றது. அதிரும் சிறு கவை, திரும்பிய அளவைக் கூறுகின்றது. அதிர்ந்துகொண்டிருக்கும் கவையைத் திருப்பினால் அதன் அதிர்வு பக்கவாட்டிற் சிறிது வழுவும்; அவ்வழுவே திருப்பத்தின் அளவுகோல். இவ்விரண்டின் குறிகளையும் இடைவிடாது கணக்கிட்டு, செயற்கைக்கோளின் துணை கிடையாதவிடத்தும், சிறிது நேரம் வரை குண்டு தன் வழியை அறியக்கூடும்.

இம்மூன்றனுள் காத்தலே தலையாயது என்பது நம் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1967ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், வியட்நாமுக்கு அண்மைக் கடலில் இருந்த பாரஸ்டல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், மின்னோட்டப் பிழையால் ஒரு ராக்கெட் தானே கிளம்பிற்று. அதனைத் தடுத்திருக்கவேண்டிய முள் முன்னரே நீங்கியிருந்தது. ராக்கெட் எதிரேயிருந்த விமானத்தைத் தாக்க, எண்ணெய் கொட்டித் தீப்பற்றிற்று. அருகிலிருந்த குண்டுகள் வெப்பத்தால் வெடித்தன. 134 பேர் மாண்டனர். ஆயினும் அந்த ராக்கெட்டின் தலையிலிருந்த வெடிமருந்து வெடிக்கவில்லை! உரிய தூரம் பறவாமையால் அதன் உட்பூட்டுத் திறவாதிருந்தது. மனிதர் கைக்கு விடப்பட்ட பூட்டுத் தவறிற்று. இயற்கை விதிக்கு விடப்பட்ட பூட்டுத் தன் கடனைச் செய்தது.

அவ்வுட்பூட்டின் இயல்பைக் கம்பம் பள்ளத்தாக்கினர் மதகைக் கொண்டு எளிதில் உணரலாம். வாய்க்காலில் நீர் நிறைந்திருப்பினும், மதகு மூடியிருக்குமளவும் வயலுக்குப் பாயாது. அதுபோலவே, எளிதிற் பற்றும் டெட்டனேட்டருக்கும் குண்டின் பெருமருந்துக்கும் இடையே ஒரு தடுப்பு நிற்கின்றது. டெட்டனேட்டர் தவறி வெடிப்பினும் தீ பெருமருந்தை எட்டாது. அத்தடுப்புக்குத் தம்முள் தொடர்பற்ற இரு பூட்டுக்கள் இருத்தல் வேண்டுமென்பது இத்துறையின் விதி. பீரங்கிக் குண்டில் ஒரு பூட்டுக் குழலுள் எழும் உதைப்பினாலும், மற்றொன்று குண்டின் சுழற்சியினாலும் திறக்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. குண்டு சிப்பாயின் கைதவறி விழினும் பேரதிர்ச்சி உண்டாகும். அதனைப் பீரங்கியின் உதைப்பென்று பூட்டு மயங்கலாகாது. ஆயின், 12 மீட்டர் உயரத்தினின்று விழும் குண்டும் தரையைத் தொடுகையில் நொடிக்கு 15 மீட்டர் வேகமே உடையது; அவ்வதிர்ச்சி கணத்தில் ஒழியும். பீரங்கியின் தள்ளலோ அதனினும் நெடுநேரம் நீடிப்பது. இவ்வேற்றுமையைப் பூட்டு அறிதற்பொருட்டு, அமெரிக்கப் படைக்கல ஆய்வாளர் நகரும் எடையின் பாதையை நேர்க்கோடாக அமையாது வளைந்து வளைந்து செல்லுமாறு அமைத்தனர். போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில், எத்துணை விரைந்து வந்த வண்டியும் வளைவுதோறும் தணிந்தே திரும்பவேண்டுமன்றோ? அவ்வாறே, குறுகிய அதிர்ச்சியால் உந்தப்பட்ட எடை சில வளைவுகளிலேயே வலியிழந்து, வில்லால் இழுக்கப்பட்டுப் பழைய இடத்திற்கு மீளும். நீடித்த தள்ளலே அதனை இறுதிவரை கொண்டு சேர்க்கும்.

இனி, இயக்கும் உறுப்பைப் பற்றிச் சிறிது கூறுவோம். மின்சாரத்தால் வெப்பமுற்ற மெல்லிய சட்டம் நீண்டு தள்ளுவது ஒரு முறை. மின்னேற்றம் பெற்ற சீப்புப் பற்கள் ஒன்றையொன்று இழுப்பது மற்றொரு முறை. குறிகள் உரிய வரிசையில், உரிய காலத்தில் வந்தனவா என்று மின்சுற்று ஆராய்ந்து ஆணையிட்ட பின்னரே, இவ்வுறுப்பு எஞ்சிய தடையை அகற்றும்.

இவற்றிற்குக் குறைகளும் உள. நுண்ணிய பரப்புக்கள் ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்த பூட்டு, வேண்டிய கணத்தில் பிழையின்றி நகரவேண்டும். ஆதலின், காற்றும் ஈரமும் புகாது மூடிக் காக்கும் கலை, செதுக்கும் கலையினும் எளியதன்று.

நம் நாடும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த வி. கே. ஆத்ரே அவர்களின் முயற்சியால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கெனத் தேசியத் திட்டங்கள் எழுந்தன. அவற்றின் பயனாகப் பல பொறியியற் கல்லூரிகளில் நுண்கருவி வடிவமைப்பு நிலையங்கள் தோன்றின. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், மோகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்திலும் இவ்வேலை நடைபெறுகின்றது. ஆத்ரே அவர்களும், சென்னை ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் கற்பித்த கே. என். பட் அவர்களும், வேறு மூவரும் சேர்ந்து இயற்றிய பாடநூல் ஒன்று மாணவர்க்கு நல்ல வாயிலாக உள்ளது.

படைக்கலம் வேண்டாத உலகையே நாம் விழைகின்றோம். ஆயினும் அந்நாள் வருமளவும், குண்டுகளைத் தோளிற் சுமப்போரும் கிடங்கிற் காப்போரும் நம் மக்களே. நம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர் படையிற் சேர்கின்றனர். அச்சிறு பூட்டு முதற்கண் காப்பது அவர்தம் உயிரையே. வெடிக்கச் செய்தல் எளிது. உரிய காலம் வருமளவும் வெடியாதிருக்கச் செய்தலே அரிது. அவ்வரிய பணிக்கு நம் கல்லூரி மாணவருள் ஒரு சிலரேனும் தம் அறிவைச் செலுத்துவராயின், அதனினும் நமக்கு உவகை தருவது பிறிதில்லை.