காலடியில் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது என்ற அளவில் பலர் நின்றுவிடுகிறோம். ஒரு கருவியை இன்னொரு கருவியைப் போல நடந்துகொள்ளச் செய்வதும் கம்ப்யூட்டரால் முடியும். இதனை எமுலேஷன் என்பார்கள். பழைய வீடியோ கேம் இயந்திரங்களுக்காக எழுதப்பட்ட கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் விளையாடுவது இதற்கு எளிய உதாரணம். நான் சாப்ட்வேர் துறையில் பணியாற்றுகிறேன். விடுமுறை நாட்களில் கிட்டார் வாசிப்பேன். இந்த இரண்டும் சந்திக்கும் ஒரு சாதனத்தை இங்கே பார்ப்போம்.

அமெரிக்காவின் யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் 2022ல் வெளியிட்ட ட்ரீம் '65 என்ற பெடல்தான் அது. பெடல் என்பது கிட்டார் வாசிப்பவர் காலால் அழுத்தி இயக்கும் சிறிய உலோகப் பெட்டி. 1960களில் பெண்டர் நிறுவனம் தயாரித்த டீலக்ஸ் ரிவர்ப் என்னும் ஆம்ப்ளிபயரின் ஒலியை இந்தப் பெட்டி டிஜிட்டல் முறையில் தருகிறது. அசல் ஆம்ப்ளிபயரில் 12 அங்குல ஸ்பீக்கர் உண்டு. எடை ஏறக்குறைய 19 கிலோ. பெடலை ஒரு கையில் எடுத்துச் சென்றுவிடலாம்.

வால்வின் குறையே நிறை

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வால்வு ரேடியோ பற்றிக் கேட்டுப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடாகிச் சிவந்த பிறகுதான் பாடத் தொடங்கும். அந்தக் குழாய்கள்தான் வால்வுகள். கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின் சிக்னலைப் பெரிதாக்குவது இவற்றின் வேலை.

வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அளவுக்கு மேல் வால்வால் தாங்க முடியாது. ஒலி அலையின் உச்சியை மெல்ல மழுங்கச் செய்துவிடும். அப்போது மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வுகள் சேர்ந்து, ஒலியில் ஒரு கரகரப்பு உண்டாகும். பொறியியல் கணக்கில் இது குறை. கிட்டார் கலைஞர்களுக்கோ இதுதான் தேவை. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் விரலுக்கு ஏற்ப ஒலி மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் கிரைண்டரைப் போட்டவுடன் பல்பு ஒரு கணம் மங்கி மீள்வதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் போலவே, கம்பியை ஓங்கி மீட்டினால் ஆம்ப்ளிபயருக்குள் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கி ஏறும். ஒலியும் சற்று அமுங்கி எழும்.

எனவே ஆம்ப்ளிபயரின் ஒலியை ரெகார்ட் செய்து வைத்துக்கொண்டால் போதாது. அடுத்து எப்படி மீட்டுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்? அந்த ஆம்ப்ளிபயர் எந்தச் சிக்னலுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதையே புரோகிராமாக எழுத வேண்டும்.

இரண்டு பகுதி, இரண்டு வழி

முதலில் ஸ்பீக்கர். கோயில் மண்டபத்தில் ஒரு முறை கை தட்டினால் எழும் எதிரொலியை ரெகார்ட் செய்துகொண்டால், அந்த மண்டபத்தில் எந்தப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று கணக்கிட்டுவிடலாம். ஸ்பீக்கருக்கும் இதே முறைதான். மைக் வைத்து எடுத்த அந்தப் பதிவுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். ஒரு நொடிக்கும் குறைவான சாதாரண வேவ் பைல்தான் அது.

வால்வுக்கு இந்த வழி உதவாது. உள்ளே செல்லும் சிக்னலை இரு மடங்காக்கினால் ஸ்பீக்கர் இரு மடங்கு ஒலி தரும். வால்வு அப்படித் தராது. ஆகவே சர்க்யூட்டில் உள்ள வால்வு, ரெசிஸ்டர், கெபாசிட்டர் அனைத்தையும் சமன்பாடுகளாக எழுதித் தீர்ப்பது ஒரு வழி. உண்மையான ஆம்ப்ளிபயருக்குள் சோதனை ஒலியைச் செலுத்தி, வெளியே வருவதைப் பதிவு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்குவது மற்றொரு வழி.

நொடிக்கு 48,000 கணக்கு

டிஜிட்டல் ஒலியைப் பொதுவாக நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுவார்கள். அப்படியானால் ஓர் எண்ணுக்கான கணக்கை முடிக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 21 மைக்ரோ நொடி. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரியுமே, அதே போல மிக வேகமான அதிர்வுகள் அளவெடுப்பில் சிக்காமல், வேறு சுருதியாக மாறி இரைச்சலாகக் கேட்கும். இதனைத் தவிர்க்க, கரகரப்பை உண்டாக்கும் கணக்கை மட்டும் பல மடங்கு வேகத்தில் செய்து, பிறகு பழைய வேகத்திற்கு இறக்குவார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் முடியும்

பெடலுக்குள் இருப்பதும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். எனவே வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால், பெடலுக்குப் பணம் செலவழிக்கும் முன் கம்ப்யூட்டரில் முயன்று பாருங்கள். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும்.

1. கிட்டாரை நேரடியாக மைக் சாக்கெட்டில் செருக வேண்டாம்; ஒலி மங்கும். யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வாங்கி, அதில் கிட்டாருக்கென உள்ள இன்புட்டில் இணைத்திடுங்கள்.

2. இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரை நிறுவுங்கள். விண்டோஸ் என்றால் ஆசியோ வகை டிரைவர் தேவை.

3. புரோகிராமைத் திறந்து ஆம்ப்ளிபயர் மாடல் பைல் ஒன்றையும், ஸ்பீக்கருக்கான வேவ் பைல் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் பைல் இல்லாவிட்டால் ஒலி ஈக் கூட்டம் போல ரீங்காரமிடும்.

4. பபர் அளவைக் கவனியுங்கள். 1024 என்றால் 48,000 கணக்கில் 21 மில்லி நொடி தாமதம். 128 என்றால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. போக வர இது இரு முறை சேரும். 1024ல் வாசித்தபோது என் விரல் முந்தியது, ஒலி பிந்தியது; தாளமே நிற்கவில்லை. 128ல் வித்தியாசம் தெரியவில்லை. ஆம்ப்ளிபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்து சேர 9 மில்லி நொடி ஆகிறது என்பதால், சிறு தாமதம் பற்றிக் கவலை வேண்டாம். பபரை மிகவும் குறைத்து ஒலி விட்டு விட்டு வந்தால், ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

அசலுக்கு ஈடா?

ஸ்பீக்கர் பதிவு மைக் வழியாக எடுக்கப்பட்டது. எனவே ஹெட்போனில் நீங்கள் கேட்பது ஸ்டுடியோவில் பதிவான ஆம்ப்ளிபயரின் ஒலி. அறைக்குள் நிஜ ஆம்ப்ளிபயர் அதிரும்போது நெஞ்சில் படும் அழுத்தம் இதில் வராது. ஆனால் அந்த வால்வுகள் நன்றாகப் பாட வேண்டுமென்றால் வால்யூமை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அடுக்கு மாடிக் குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு அது நடக்காது. ஹெட்போனில் நடக்கும். வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.