191 கிலோ தோழன்... க்ரூஸர் பைக் வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் வேலை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்றால் அந்த வரிசையைப் பார்க்கலாம். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி ராஜா மாதிரி உட்காரும் தோரணை. எல்லாமே க்ரூஸர் பைக்குகள். அதே வண்டிகளைப் புதன்கிழமை பார்க்க வேண்டுமென்றால் அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்குத்தான் போக வேண்டும். கவர் போட்டு, அதன்மேல் தூசி படிந்து, தூணுக்கும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கும் நடுவே நிற்கும்.

வாங்கும்போது வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு: ‘என்ன விலை?’, ‘என்ன மைலேஜ்?’ உண்மையில் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி, ‘இதை யார் பார்த்துக்கொள்வது?’ என்பது. 100 சிசி வண்டி எவ்வளவு அலட்சியத்தையும் பொறுத்துக்கொண்டு ஓடும். க்ரூஸர் அப்படி இல்லை.

நம் ஊரில் க்ரூஸர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அந்த நிறுவனம் 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் கடை மூடிய பிறகும் இங்கே புல்லட் தயாராகிக்கொண்டே இருந்தது. 2002-ல் தண்டர்பேர்டு வந்தது. அதன் இடத்தை 2020 நவம்பரில் மீட்டியார் 350 பிடித்தது. இன்னொரு பக்கம், 2005 முதல் பஜாஜ் அவெஞ்சர் நடுத்தரக் குடும்பத்துக்கு க்ரூஸர் ஆசையைக் கொஞ்சம் மலிவாகத் தீர்த்து வைத்தது. இந்தக் கட்டுரைக்கு மீட்டியார் 350-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் எந்த க்ரூஸருக்கும் பொருந்தும்.

349 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், 20.2 குதிரைத்திறன், 15 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தாலும், சென்னையில் டேங்க்கை நிரப்பிவிட்டால் திருச்சி வரை பங்க் தேட வேண்டியதில்லை. வேகத்துக்கான வண்டி இல்லை இது. 80, 90 கிலோமீட்டரில் அலட்டிக்கொள்ளாமல் நாள் முழுக்கப் போவதுதான் இதன் குணம்.

செலவுக் கணக்கில் 350 சிசி என்பது ஒரு எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவிகிதமாக உயர்ந்தது. இன்ஷூரன்ஸிலும் அதே கோடுதான். 2022-ல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி, புது வண்டிக்கு எடுக்க வேண்டிய ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350 சிசியைத் தாண்டினால் 15,117 ரூபாய். ‘இன்னும் கொஞ்சம் போட்டு 650 எடுத்துடலாமே’ என்று ஷோரூம் வாசலில் மனசு அலைபாயும்போது, இந்த எண்களை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது எடை. 191 கிலோ. ஓடும்போது இது தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போதும், மணல் சிதறிய ரோட்டில் யூ டர்ன் போடும்போதும்தான். வண்டி சாய ஆரம்பித்துவிட்டால் ஒற்றைக் கையால் இழுத்துப் பிடிக்க முயல வேண்டாம். இடுப்பு பிடித்துக்கொள்ளும். விழுந்தால் விழட்டும், வண்டிக்குக் கீறல், அவ்வளவுதான். முதலில் சாவியை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டுக்கு அடியில் உறுதியான கம்பியையும் பிடித்து, கால் பலத்தில் பின்னோக்கித் தள்ளி எழுப்ப வேண்டும்.

இந்த வண்டியில் கிக்கர் கிடையாது என்பதும் சேர்ந்த விஷயம். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்பதால், பம்ப் வேலை செய்யக்கூட சார்ஜ் இல்லையென்றால் தள்ளியும் பயனில்லை. எனவே, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வர வேண்டும். பார்க்கிங்கில் நின்றபடியே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் பேட்டரிக்கும் லாபமில்லை, இன்ஜினுக்கும் லாபமில்லை.

செயின்... ஒரு விரல் விஷயம்!

பழைய வண்டிகளில் செயினை முழுக்க மூடிய கவர் இருந்தது. க்ரூஸர்களில் செயின் பெரும்பாலும் வெட்டவெளியில். ரோட்டுத் தூசி, மழைச் சேறு, கடலோரம் என்றால் உப்புக்காற்று எல்லாம் அதன் மேல்தான். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் அடிக்க வேண்டும். மழையில் நனைந்தால் அன்றே. வண்டி ஓடி வந்து, செயின் லேசாகச் சூடாக இருக்கும்போது அடித்தால் உள்ளே நன்றாக இறங்கும். கிளம்புவதற்குச் சற்று முன் அடித்தால் பாதி லூப் வீல் ரிம்மில்தான் இருக்கும். பின் டயரிலும் தெறிக்கும் என்பது அதைவிட ஆபத்து.

இந்த வண்டிகளின் செயின் இணைப்புகளுக்குள் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பது அவைதான். பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலோ, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ அவை போய்விடும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பைப்பை நேராகச் செயினில் காட்ட விடாதீர்கள்.

இனி சொல்வது மிக முக்கியம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்து, சுற்றும் செயின்மேல் துணியைப் பிடித்துத் துடைப்பது ஒரு பழக்கம். சீக்கிரம் முடியும்தான். துணியின் ஒரு நூல் ஸ்ப்ராக்கெட் பல்லில் மாட்டினால், துணியோடு விரலும் உள்ளே போகும். கையை இழுக்க நேரமே இருக்காது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். உதவிக்கு வருகிறேன் என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு லூப் டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள். செயின் பக்கம் கை வேண்டாம்.

செயின் லூஸாக இருந்தால் சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் சத்தமே வராது; அதனால்தான் அது மோசம். பின்னால் ஆள் உட்கார்ந்து, பையும் ஏறினால் செயின் இன்னும் இறுகும். அந்த இழுவை கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கூர்மையாகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் செட்டாக மாற்றுவதே சிக்கனம். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் சர்வீஸ் சென்டர் பார்த்துக்கொள்ளும். ஓடவே இல்லையே என்று ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாமல் விடுவதுதான் தவறு. சர்வீஸுக்குக் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பிரேக் ஆயிலையும் சும்மா நின்றால் கெடாது என்று நினைக்க வேண்டாம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது வழக்கம்.

பின் சீட்டில் இருப்பவர்

விளம்பரங்களில் க்ரூஸரைத் தனி ஆள் ஓட்டிப் போவார். நம் ஊரில் பின்னால் மனைவியோ, அம்மாவோ, கல்லூரி போகும் மகளோ இருப்பார்கள். புடவை, துப்பட்டா இருக்கும். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. ஆனால், வண்டி வாங்கிய ஒரே வாரத்தில் ‘லுக் கெடுகிறது’ என்று பலர் முதலில் கழற்றுவது சேலை கார்டைத்தான். கழற்றியதைப் பரணில் போட்டிருந்தால், இந்த வாரமே எடுத்து மாட்டிவிடுங்கள். துணி சக்கரத்தில் சுற்றினால், அமர்ந்திருப்பவரைப் பின்னோக்கி இழுத்துக் கீழே தள்ள ஒரு நொடி போதும். புடவை முந்தானையை இடுப்பில் செருகிய பிறகுதான் கிளட்ச்சை விட வேண்டும்.

ஹெல்மெட்டும் இருவருக்கும்தான். ஓட்டுபவருக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்கு ரோட்டோரத்தில் வாங்கிய தொப்பி என்று பிரிக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை இரண்டிலும் இருக்கட்டும்.

இருவர் போவதென்றால் பின் டயரில் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதற்கும் அந்தப் புத்தகம்தான். டயர் சூடாவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கிலேயே பார்த்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய டயர் அதிகமாகக் காட்டும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஆறு நிலைகளில் இறுக்க வசதி இருக்கிறது. இப்படி ஒன்று இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. க்ரூஸரில் கால் முன்னால் இருப்பதால், பள்ளம் வந்தால் எழும்பி நிற்க முடியாது. அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். முதுகுவலி உள்ளவர்கள் ஸ்பீடு பிரேக்கரை 20-ல்தான் கடக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும் அவசியம்.

மலைப்பாதை என்றால் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு ஆட்களோடும் பையோடும் 300 கிலோவைத் தாண்டும் எடையை, வளைவுக்கு வளைவு பிரேக்கில் மட்டுமே நிறுத்திக்கொண்டு வந்தால் டிஸ்க் சூடேறி, பிரேக் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். ஏறிய அதே கியரில், இரண்டிலோ மூன்றிலோ வைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள், அந்த இன்ஜின் உதவியைத் தாங்களே கழற்றிவிடுகிறார்கள்.

பயணத்துக்கு முந்தைய இரவு பத்து நிமிடம் போதும். டார்ச் லைட்டோடு குந்தி உட்கார்ந்து, டயரில் ஆணி ஏதும் இருக்கிறதா, பிரேக் பேட் எவ்வளவு மிச்சம், செயின் எப்படி, இண்டிகேட்டர் எரிகிறதா என்று ஒரு பார்வை. டியூப்லெஸ் டயர் என்றால் பங்க்சர் கிட்டும் கையடக்கக் காற்று பம்ப்பும் பைக்குள் போகட்டும். கிளட்ச் கேபிள் ஒன்றும் கூடவே. இருபது வயதில் அப்பாவின் புல்லட்டை ஓட்டிப் பழகியவர்கள் அதை டேங்க் கவருக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள்.