தெற்கு டகோட்டாவில் பதின்பருவ முழுநேரத் தொழிலாளர் வருவாயும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்கிலுள்ள தெற்கு டகோட்டா, வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் பெரிதும் சார்ந்த ஊரக மாநிலமாகும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 8,86,667. அங்குப் பதின்பருவத் தொழிலாளரின் வருவாயைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முழுநேரப் பணி என்னும் வகைப்பாடு

அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் வாரத்திற்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர் முழுநேரத் தொழிலாளர் எனப்படுவர். வேளாண்மை அல்லாத பணிகளில் 14, 15 வயதினர் பள்ளி நடைபெறும் வாரத்தில் 18 மணி நேரத்திற்கு மேல் உழைத்தலைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. 16, 17 வயதினர்க்கு அச்சட்டத்தில் இவ்வரம்பு இல்லையெனினும், அவர்களுள் பெரும்பாலோர் பள்ளியில் பயில்வோராவர். எனவே, ஆண்டு முழுவதும் முழுநேரம் உழைக்கும் பதின்பருவத்தினர் பெரும்பாலும் 18, 19 வயதினரே. இளையோர்க்கு முழுநேரப் பணி என்பது பெரும்பாலும் கோடை விடுமுறைக் காலத்திற்கு உரியது. இவ்விரு பிரிவினரின் வருவாயையும் ஒரே சராசரியில் அடக்குவது பொருந்தாது.

கூலியின் கீழெல்லை

கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலராகும். வாரத்திற்கு 40 மணி நேரம் வீதம் 52 வாரங்கள் உழைப்பவர் அதன்படி 15,080 டாலர் பெறுவார். தெற்கு டகோட்டா வாக்காளர்கள் 2014இல் இக்கீழெல்லையை 8.50 டாலராக உயர்த்தினர். 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், விலைவாசிக்கேற்பக் கூலி ஆண்டுதோறும் உயரவும் வழிசெய்தது. 2025இல் அது 11.50 டாலராயிற்று. பணியனுபவம் குறைந்த பதின்பருவத்தினரின் ஊதியம் கீழெல்லையை ஒட்டியே அமைவதால், இம்மாற்றம் ஏனைய வயதினரைவிட அவர்களையே மிகுதியாகப் பாதிக்கிறது.

2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பு

2015இல் மாநிலச் சட்டமன்றம் 18 வயதிற்குட்பட்டோர்க்கு மட்டும் 7.50 டாலர் என்னும் தனிக் கீழெல்லையை வகுத்தது. குறைந்த கூலி, அனுபவமற்றோர்க்கு வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்பது ஆதரவாளர் வாதம். ஒரே வேலைக்கு வயதால் வேறு கூலி தருவது முறையன்று என்பதும், வாக்காளர் இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் குறுக்குகிறது என்பதும் எதிர்ப்பாளர் வாதம். இச்சட்டம் மனுவின் வழியாகப் பொதுவாக்கெடுப்பிற்கு வந்தது. 2016 நவம்பரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அதனை நிராகரித்தனர்.

இதன் பொருளாதார விளைவு கருதத்தக்கது. பத்து வாரக் கோடைக்காலத்தில் வாரத்திற்கு 40 மணி நேரம் உழைக்கும் மாணவர்க்குத் தொடக்கத்தில் 400 டாலரே இழப்பாகியிருக்கும். ஆயினும், 7.50 டாலர் என்பது விலைவாசிக்கேற்ப உயராத நிலைத்த தொகை. அது நிலைத்திருப்பின், 2025இல் அவ்விழப்பு 1,600 டாலராக வளர்ந்திருக்கும்.

முடிவுரை

ஊரக மாநிலமொன்றின் பதின்பருவ வருவாயை மதிப்பிடுவோர் வயதுப் பிரிவு, பணிக்காலம், சட்டம் வகுத்த கீழெல்லை ஆகிய மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். கூலியின் அளவைப் போலவே, அது விலைவாசியோடு இணைக்கப்பட்டுள்ளதா என்பதும் இளந்தொழிலாளரின் வருவாயைத் தீர்மானிக்கிறது என்பதைத் தெற்கு டகோட்டா உணர்த்துகிறது.